நிலாவின் பெயரில் ஒரு மொழி... ரியோவில் பிறந்து உங்கள் வீட்டு கேமுக்குள் நுழைந்த கதை!

ஸ்கூல் விட்டு வந்ததும் பையைச் சோபாவில் எறிந்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் 'ரோப்லாக்ஸ்' என்று உட்காரும் பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறதா? "எந்நேரமும் கேம்தானா?" என்று நிச்சயம் அதட்டியிருப்பீர்கள். அடுத்த முறை அதட்டுவதற்கு முன்னால், ஒரு நிமிடம் அந்த ஸ்கிரீனை எட்டிப் பாருங்கள். பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கலாம். ஒருவேளை, விளையாட்டையே உருவாக்கிக்கொண்டும் இருக்கலாம்! கதவைத் தொட்டால் திறக்க வேண்டும், நெருப்புக் குழம்பில் கால் வைத்தால் உயிர் போக வேண்டும், நாணயத்தை எடுத்தால் பாயின்ட் ஏற வேண்டும்... இதையெல்லாம் நாலைந்து வரிகளில் எழுதி, கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

அந்த வரிகளை எழுத உதவும் மொழியின் பூர்வீகம் பிரேசில். ஊர், ரியோ டி ஜெனிரோ. பெயர், லுவா. போர்ச்சுகீசிய மொழியில் 'நிலா' என்று அர்த்தம்.

ஜாவா, பைத்தான் என்ற பெயர்களைக் கேட்காத வீடு இன்று நம் ஊரில் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டர் போர்டில்கூட அவை இருக்கும். லுவா என்ற பெயரை அந்த போர்டில் நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் கேம்களில், போட்டோ சாஃப்ட்வேரில், விக்கிப்பீடியாவில் என்று உலகம் முழுக்க அது ஓடிக்கொண்டிருக்கிறது.

கம்ப்யூட்டர் மொழிகள் ஆயிரக்கணக்கில் பிறந்திருக்கின்றன. பெரும்பாலானவை, உருவாக்கியவரும் அவருடைய நாலு நண்பர்களும் பயன்படுத்தியதோடு மறைந்துபோயின. அவற்றில் பல அருமையான மொழிகள்தான். பின்னால் பெரிய கம்பெனி கிடையாது, விளம்பரம் கிடையாது, அமெரிக்காவில் பிறக்கவும் இல்லை. அப்படிப்பட்ட லுவா மட்டும் எப்படிப் பிழைத்தது? 'எங்கள் மொழி நல்ல மொழி, ஆனால் யாரும் சீண்ட மாட்டேன் என்கிறார்களே' என்று வருந்தும் எல்லோருக்கும் இந்தக் கதையில் பாடம் இருக்கிறது. 'என் பிள்ளையை எந்த மொழி படிக்க வைக்கலாம்?' என்று யோசிக்கும் பெற்றோருக்கும்!

எண்ணெய்க் கிணறும் எண் வரிசையும்

ரியோவில் 'பியுசி ரியோ' என்று ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அதற்குள் 'டெக்கிராஃப்' என்று ஓர் ஆய்வுக்கூடம், 1987-இல் தொடங்கியது. அதன் முக்கியமான வாடிக்கையாளர், பிரேசில் அரசின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸ்.

அப்போதைய பிரேசிலில் ஒரு விசேஷம். 'கம்ப்யூட்டரையும் சாஃப்ட்வேரையும் நாமே உருவாக்க வேண்டும்' என்று 1977 முதல் 1992 வரை வெளிநாட்டுச் சரக்குக்குக் கடுமையான தடைகள் போட்டிருந்தார்கள். 'ஃபாரின் சாமான்' என்றாலே வாயைப் பிளந்த நம் அப்பா காலத்து இந்தியாவை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து தேவைக்கேற்ற சாஃப்ட்வேரை ஆர்டர் கொடுத்து வாங்குவது சுலபமில்லை. எனவே, டெக்கிராஃப் ஆட்களே எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினார்கள்.

பெட்ரோபிராஸ் இன்ஜினீயர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. அவர்கள் பயன்படுத்திய பழைய புரோகிராம்களுக்கு விவரங்களைக் கொடுக்க வேண்டுமென்றால், வரிசை வரிசையாக வெறும் எண்களை அடிக்க வேண்டும். எந்த எண் எதைக் குறிக்கிறது என்ற குறிப்பே இருக்காது. அட்டையில் ஓட்டை போட்டுக் கம்ப்யூட்டருக்குள் செலுத்திய காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. ஓர் எண் இடம் மாறினால் கணக்கே தப்பாகிவிடும்.

இதைச் சரிசெய்ய 'டெல்' என்று ஒரு குட்டி மொழியை உருவாக்கினார்கள். பாறை அடுக்குகளைப் பற்றிய ரிப்போர்ட் தயாரிக்கும் இன்னொரு வேலைக்கு 'சோல்' என்று மற்றொரு மொழி. இரண்டுமே ஒரு வேலைக்காக மட்டும் செய்த சின்னக் கருவிகள்தான். ஆனால், பயன்படுத்தியவர்கள் சும்மா இருப்பார்களா? "இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய் என்றும் சொல்ல முடிந்தால் நன்றாக இருக்குமே..." என்று கேட்கத் தொடங்கினார்கள். வாடகைக்கு வந்தவர், 'ஒரு ஷெல்ஃப் அடித்துக் கொடுங்கள், ஒரு பாத்ரூம் கட்டிக் கொடுங்கள்' என்று கேட்டுக் கேட்டே வீட்டைப் பெரிதாக்கும் கதைதான்!

1993-இல் மூன்று பேர் உட்கார்ந்து பேசினார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொபெர்டோ இயெருசாலிம்ஸ்கி, ஆய்வாளர் லூயிஸ் என்ரிகே டி ஃபிகெய்ரெடோ, ஆய்வு மாணவர் வால்டெமார் செலெஸ். 'இரண்டு குட்டி மொழிகளுக்குப் பதில் ஒரே உருப்படியான மொழியைச் செய்துவிடலாமே' என்று முடிவெடுத்தார்கள். வெளியே ஏற்கெனவே இருந்த மொழிகளையும் பார்த்தார்கள். ஒன்று படிக்கவே விநோதமாக இருந்தது. இன்னொன்று குறிப்பிட்ட வகைக் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடியது. பைத்தான் அப்போது கைக்குழந்தை.

'சோல்' என்றால் போர்ச்சுகீசியத்தில் சூரியன். "சூரியனுக்கு அடுத்தது நிலாதானே... 'லுவா' என்று வையுங்கள்" என்று நண்பர் ஒருவர் யோசனை சொல்ல, அந்தப் பெயரே நிலைத்தது. அந்த ஆண்டு ஜூலை மாதத்தில் லுவாவின் முதல் வடிவம் ஓடத் தொடங்கிவிட்டது.

இல்லாமையே பலமான விதம்

லுவாவை உலகம் எடுத்துக்கொண்டதற்குக் காரணமான குணங்கள் எல்லாம் இந்தப் பிறந்த வீட்டுச் சூழலிலேயே உருவானவை.

பெட்ரோபிராஸ் அலுவலகங்களில் பல விதமான கம்ப்யூட்டர்கள் இருந்தன. எல்லாவற்றிலும் ஓட வேண்டும். எனவே, எங்கும் கிடைக்கக்கூடிய சி மொழியில், எந்த இயந்திரத்தையும் சார்ந்திராமல் லுவாவை எழுதினார்கள். பிற்காலத்தில் கேம் பெட்டியிலும் செல்போனிலும் அது சிரமமில்லாமல் ஏறியதற்கு அதுதான் காரணம்.

பயன்படுத்தப் போகிறவர்கள் இன்ஜினீயர்களும் பாறைகளை ஆராய்பவர்களும். புரோகிராம் எழுதுவது அவர்களுடைய தொழிலே அல்ல. எனவே, மிரட்டும் குறியீடுகள் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். லுவாவில் முக்கியச் சொற்கள் மொத்தமே இருபத்திச் சொச்சம்தான். பட்டியலில் முதல் பொருளுக்கு எண் 1. 'இதில் என்ன அதிசயம்?' என்கிறீர்களா? சி, ஜாவா, பைத்தான் எல்லாம் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்குபவை! 'லுவா ஒன்றிலிருந்து எண்ணுகிறது' என்று புரோகிராமர்கள் இன்றும் கிண்டலடிப்பார்கள். ஆனால், கடையில் தேங்காய் எண்ணுகிறவர் 'பூஜ்யம், ஒன்று' என்றா எண்ணுகிறார்?

அடுத்து, உருவத்தில் ரொம்பச் சின்னது. லுவாவின் மொத்த மூலப் பொருளையும் சுருக்கி ஒரே கோப்பாக்கினால் அரை எம்பிகூட வராது. வாட்ஸ்அப்பில் காலையில் வரும் 'குட்மார்னிங்' படங்கள் சில, அதைவிடப் பெரிதாக இருக்கும்!

பூட்டைத் திறந்த பிறகு...

மொழி நன்றாக இருந்தது. ஆனாலும் முதலில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

1994-இல் லுவாவைப் பொதுவெளியில் விட்டபோது, அந்த மூவரும் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் என்றால் இலவசம். வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் எங்களிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள். நியாயமான நிபந்தனைதானே? உழைத்தவர்கள் நாலு காசு பார்க்கக் கூடாதா?

சிலர் விசாரித்தார்கள். ஒரு வியாபாரம்கூடப் படியவில்லை. பெயர் தெரியாத ஊரின் பெயர் தெரியாத மொழிக்கு, வக்கீலை வைத்து ஒப்பந்தம் எழுத யாருக்குப் பொறுமை இருக்கிறது? பக்கத்திலேயே வேறு மொழிகள் இலவசமாகக் கிடைக்கின்றனவே! நிபந்தனையைப் பார்த்து ஆராய்ச்சிக்காரர்களும் தயங்கி ஒதுங்கிவிடுவார்களோ என்ற சந்தேகம் வந்தது.

மூவரும் சுதாரித்துக்கொண்டார்கள். 1995-இல் அடுத்த வடிவம் வந்தபோது பூட்டைக் கழற்றிவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். காசு தர வேண்டாம். பழக்கமில்லாத பண்டத்தை விற்க வேண்டுமென்றால், முதலில் கையில் கொஞ்சம் கொடுத்து 'சாப்பிட்டுப் பாருங்க' என்று சொல்ல வேண்டும் என்பது நம் ஊர் மிட்டாய்க் கடைக்காரருக்குத் தெரியும். ரியோக்காரர்கள் ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டார்கள்.

ஒரு கட்டுரை... ஒரு மெயில்!

கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா? உள்ளே என்ன இருக்கிறது என்று தெருவுக்குத் தெரிய வேண்டாமா?

அடுத்து அவர்கள் செய்தது, எழுதியது. 1996-இல் ஓர் ஆய்விதழில் லுவாவைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். அது பேராசிரியர்கள் படிப்பது. அதே ஆண்டு டிசம்பரில் 'டாக்டர் டாப்ஸ் ஜர்னல்' என்ற பத்திரிகையிலும் எழுதினார்கள். அது வேலையில் இருக்கும் புரோகிராமர்கள் படிப்பது. இந்த இரண்டாவது கட்டுரைதான் திருப்புமுனை.

கட்டுரை வெளியான சிறிது காலத்திலேயே ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் பிரெட் மோகிலெஃப்ஸ்கி. அமெரிக்காவின் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் ஒரு கேமுக்குத் தலைமைப் புரோகிராமர். ஆம், 'ஸ்டார் வார்ஸ்' எடுத்த ஜார்ஜ் லூகாஸ் தொடங்கிய நிறுவனம்தான். தாங்கள் பல காலமாகப் பயன்படுத்திவந்த சொந்தத் தயாரிப்பு மொழியை ஓரம்கட்டிவிட்டு, புதிய கேமில் லுவாவைப் பயன்படுத்த விரும்புவதாக அவர் சொல்லியிருந்தார்.

அந்த கேம், 'கிரிம் ஃபண்டாங்கோ'. இறந்தவர்களின் உலகத்தில் டிராவல் ஏஜென்டாக வேலை பார்க்கும் ஓர் எலும்புக்கூட்டு ஹீரோவின் கதை. 1998-இல் வெளியாகி, விமர்சகர்களிடம் பெரிய பெயர் வாங்கியது. அதே ஆண்டு வந்த 'பால்டர்ஸ் கேட்' என்ற கேமிலும் லுவா இருந்தது. கேம் உலகம் சின்னது. ஒரு கம்பெனியில் இருப்பவர் அடுத்த வருடம் இன்னொரு கம்பெனியில் இருப்பார். 'நாங்கள் அதைப் போட்டோம், தொல்லையே இல்லை' என்று ஒருவர் சொன்னால் போதும், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். கல்யாணத்துக்குச் சமையல்காரர் பிடிக்கிற மாதிரிதான். விளம்பரத்தைப் பார்த்தா பிடிக்கிறோம்? போன மாதம் சாப்பிட்ட வீட்டில் விசாரித்துத்தானே பிடிக்கிறோம்!

சுவரை இடிக்காமல் கட்டிலை நகர்த்தலாம்

கேம்காரர்களுக்கு லுவா ஏன் அவ்வளவு பிடித்துப்போனது?

ஒரு வீடு கட்டுகிறீர்கள். சுவர், கூரை, தூண் எல்லாம் கான்கிரீட். அதைப் போடக் கொத்தனார் வேண்டும், காய நாள் வேண்டும். குடிவந்த பிறகு, கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தத் தோன்றினால் கொத்தனாரையா கூப்பிடுவீர்கள்? நீங்களே நகர்த்திக்கொள்வீர்கள்.

கேமிலும் அப்படித்தான். படம் வரைவது, வேகமாகக் கணக்குப் போடுவது போன்ற கனமான வேலைகள் கான்கிரீட் மாதிரி. அவற்றை சி, சி பிளஸ் பிளஸ் போன்ற மொழிகளில் கட்டுவார்கள். ஆனால், 'கிழவி சாவியைக் கொடுத்தால் கதவு திறக்கட்டும்', 'வில்லனுக்கு இன்னும் கொஞ்சம் கோபம் வரட்டும்' என்பதெல்லாம் கட்டில், மேசை மாதிரி. தினமும் மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றுபவர் கதை எழுதுபவராகவோ காட்சியை அமைப்பவராகவோ இருக்கலாம். ஒவ்வொரு முறையும் மொத்த கேமையும் திரும்பக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. அந்தக் கட்டில், மேசை வேலைக்கு லுவா அளவெடுத்துத் தைத்த சட்டை.

புதிய மொழிகளை உருவாக்குபவர்கள் பலர், 'உன் பழைய வீட்டை இடித்துவிட்டு எங்கள் செங்கல்லில் புதிதாகக் கட்டு' என்று சொல்வார்கள். யார் கேட்பார்கள்? பல வருட உழைப்பு, பல கோடிப் பணம் அந்தப் பழைய வீட்டில் இருக்கிறது. லுவா அப்படிக் கேட்கவே இல்லை. 'வீடு உங்களுடையதாகவே இருக்கட்டும். மூலையில் எனக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள், கூடமாட உதவியாக இருக்கிறேன்' என்றது. லுவா பரவியதற்கு இந்த அடக்கத்தைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

2004-இல் வந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்', இதை இன்னொரு படி மேலே கொண்டுபோனது. விளையாடுபவர்களே தங்கள் ஸ்கிரீனை மாற்றிக்கொள்ள லுவாவில் எழுதலாம் என்று வசதி கொடுத்தார்கள். 'புரோகிராமிங் கற்றுக்கொள்ளப் போகிறேன்' என்று நினைக்காமலே பலர் அதில் கற்றுக்கொண்டார்கள். இன்று தினமும் கோடிக்கணக்கானவர்கள் விளையாடும் ரோப்லாக்ஸிலும் அதே கதைதான். அங்கே ஓடுவது லுவாவிலிருந்து பிரிந்து வளர்ந்த 'லுவாவ்' என்ற கிளை.

கேமோடு நிற்கவில்லை. கல்யாண போட்டோகிராஃபர்கள் கலர் திருத்தப் பயன்படுத்தும் 'லைட்ரூம்' சாஃப்ட்வேரில் கணிசமான பகுதி லுவாவில் எழுதப்பட்டது. வீடியோ பார்க்கும் 'விஎல்சி'க்குள்ளும் அது இருக்கிறது. 2013-இல் விக்கிப்பீடியா லுவாவை ஏற்றுக்கொண்டது. பக்கத்தின் ஓரத்தில் பிறந்த தேதி, ஊர் என்று ஒரு தகவல் பெட்டி வருமே... அப்படிப்பட்டவற்றைத் தயாரிக்கும் பழைய முறையில் பெரிய பக்கங்கள் ஆமை வேகத்தில் திறந்தன. வெளியாட்கள் எழுதும் புரோகிராம் சர்வரை முடக்கிவிடாமல், 'இவ்வளவு நேரம், இவ்வளவு இடம்தான்' என்று கட்டுப்படுத்தவும் வேண்டும். இரண்டுக்கும் லுவா தோதாக இருந்தது. தமிழ் விக்கிப்பீடியாவிலும் திரைக்குப் பின்னால் அதே ஏற்பாடுதான். தமிழில் ஊர் பற்றியோ நடிகர் பற்றியோ விக்கிப்பீடியாவில் நீங்கள் படித்தபோது, ரியோவின் நிலா உங்களுக்காகவும் வேலை பார்த்திருக்கலாம்.

மற்றவர்கள் வந்த வழி

லுவாவின் வழிதான் ஒரே வழி என்று சொல்ல முடியாது. வேறு சில மொழிகளையும் பாருங்கள்.

ஜப்பானைச் சேர்ந்த யுகிஹிரோ மாட்சுமோட்டோ 1995-இல் வெளியிட்ட மொழி, ரூபி. சில வருடங்கள் வரை அதைப் பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே இருந்தன. 2000-இல் இரண்டு புரோகிராமர்கள் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார்கள். வெளியுலகம் எட்டிப் பார்த்தது. 2004-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஒருவர், ரூபியில் இணையதளங்களைச் சட்டென்று கட்டித்தரும் 'ரெயில்ஸ்' என்ற கருவியை வெளியிட்டார். அதன் பிறகுதான் ரூபி சூடு பிடித்தது. ரெயில்ஸுக்காக வந்தவர்கள்தான் ரூபியைக் கற்றுக்கொண்டார்கள். பரோட்டாவுக்காகக் கடைக்குப் போய் சால்னாவுக்கு ரசிகராவதில்லையா, அப்படி!

ஆண்ட்ராய்டு ஆப்களில் இன்று கொடிகட்டிப் பறக்கும் கோட்லின் மொழிக்குக் கிடைத்தது பெரிய இடத்துச் சிபாரிசு. 2017-இல் கூகுள், 'ஆண்ட்ராய்டுக்கு இந்த மொழியும் அதிகாரபூர்வமானது' என்று அறிவித்தது. ஆனாலும் அதற்கு முன்பே, ஏற்கெனவே ஜாவாவில் எழுதியதைத் தூக்கிப் போடாமல் பக்கத்திலேயே கோட்லினையும் எழுதலாம் என்ற வசதியை அது வைத்திருந்தது. இங்கேயும் வீட்டை இடிக்கச் சொல்லவில்லை!

2015-இல் முதல் முழு வடிவம் கண்ட ரஸ்ட், கற்பதற்குக் கடினமான மொழி. ஆனால், தப்பாக எழுதினால் வெறுமனே 'தவறு' என்று முகத்தில் அடிக்காமல், எந்த இடத்தில் தப்பு, எப்படித் திருத்தலாம் என்று பொறுமையாக எடுத்துச்சொல்லும். கண்டிப்பான வாத்தியார், ஆனால் கரும்பலகையில் வந்து எழுதிக்காட்டுகிற வாத்தியார். 2022 முடிவில் உலகின் முக்கியமான சாஃப்ட்வேர்களில் ஒன்றான லினக்ஸின் மையப் பகுதிக்குள்ளேயே அதற்கு இடம் கிடைத்தது.

புத்தகம், கருவி, சிபாரிசு, பொறுமை என்று வழிகள் வேறு வேறு. எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்று. 'எங்கள் மொழி எவ்வளவு உயர்ந்தது தெரியுமா?' என்று பேசியதால் எதுவும் பரவவில்லை. எதிரில் இருப்பவரின் இன்றைய சிக்கல் ஒன்று தீர்ந்தது. அதனால் பரவியது.

நிலாவிலும் களங்கம் உண்டு

லுவாவுக்குக் கிடைத்த வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது.

அடுத்தவர் வீட்டுக்குள் உதவியாளாகப் போனால், பெயர்ப்பலகையில் உங்கள் பெயர் இருக்காது. சாப்பாட்டில் உப்பு மாதிரி. குறைந்தால்தான் பேசுவார்கள். இத்தனை இடங்களில் ஓடியும், வேலை விளம்பரங்களில் லுவாவின் பெயர் அபூர்வம்.

சொந்த ஊரிலும் அதே கதை. ரியோவின் சாஃப்ட்வேர் உலகை நேரில் ஆராய்ந்து யூரி தக்தேயெவ் என்ற ஆய்வாளர் 2012-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வெளிநாட்டில் இவ்வளவு புகழ் பெற்ற லுவாவுக்கு அது பிறந்த ஊரில் அந்த அளவு மவுசு இல்லை என்பது அவர் கவனித்த விஷயங்களில் ஒன்று. லுவாவின் முக்கியச் சொற்கள் ஆங்கிலம். ரொபெர்டோ 2003-இல் எழுதிய பாடப் புத்தகமும் ஆங்கிலத்தில்தான் வந்தது. உலகம் படிக்க வேண்டும் என்று எடுத்த முடிவு உலகத்தைக் கொண்டுவந்தது. பக்கத்துத் தெரு கொஞ்சம் தள்ளிப்போனது.

இன்னொரு சிக்கல், கிளைகள். லுவாவின் புதிய வடிவம் வந்தாலும், அதைத் தங்களுக்குள் வைத்திருக்கும் கம்பெனிகள் எல்லாம் உடனே மாறுவதில்லை. 2006-இல் வந்த வடிவத்தையே பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இன்றும் உண்டு. ரோப்லாக்ஸின் லுவாவ் கிளை வளர்ந்ததும் அந்த வடிவத்திலிருந்துதான்.

ஆனாலும் அந்த மூவரும் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார்கள். புதிதாக எதைச் சேர்ப்பதாக இருந்தாலும் மூன்று பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் கேட்டதைச் சேர்த்திருந்தால், லுவாவும் ஊதிப் பெருத்து நூறில் ஒன்றாகியிருக்கும். சின்னதாக இருப்பதுதான் அதன் பலம் என்பதை அவர்கள் மறக்கவே இல்லை. 'வேண்டாம்' என்று சொல்வதும் வளர்ப்புதான் என்பது பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரியுமே!

சரி, நம் வீட்டுக்கு வருவோம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் கேட்கும் கேள்வி, "எந்த கம்ப்யூட்டர் மொழிக்கு இப்போ மவுசு?" என்பதுதான். லுவாவின் கதையைக் கேட்ட பிறகு, அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம் என்று தோன்றுகிறது. 'நீ என்ன செய்ய ஆசைப்படுகிறாய்?' என்று பிள்ளையிடம் முதலில் கேளுங்கள். கேம் செய்ய ஆசையா, ஆப் செய்ய ஆசையா, அப்பாவின் கடைக் கணக்கைச் சரிசெய்ய ஆசையா? வேலை தெரிந்தால் அதற்கான மொழி தானாகத் தெரியும். ஒன்றை ஒழுங்காகக் கற்றவருக்கு அடுத்த மொழி அவ்வளவு சிரமம் தராது.

அறியாத மொழி ஒன்று கண்ணில் பட்டால், சில கேள்விகள் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இது யாருடைய எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது? முதல் நாளே ஏதாவது ஒன்றைச் செய்து பார்க்க முடிகிறதா? படித்துப் புரிந்துகொள்ள நல்ல புத்தகம் இருக்கிறதா? தடுமாறினால் கைகொடுக்க ஆள் இருக்கிறார்களா? ஏற்கெனவே செய்து வைத்ததோடு ஒத்துப்போகுமா? இவற்றுக்குப் பதில் இருந்தால், பெயர் பிரபலமாக இல்லாவிட்டாலும் கொஞ்ச நாள் பழகிப் பார்க்கலாம்.

தமிழிலேயே கம்ப்யூட்டர் மொழி செய்யும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' அவற்றில் ஒன்று. 'பதிப்பி', 'முடி' என்று தமிழ்ச் சொற்களாலேயே அதில் புரோகிராம் எழுதலாம். 2009-லேயே அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்துவிட்டது. ஆங்கிலம் புரியாததால் கம்ப்யூட்டரே தனக்கு வராது என்று ஒதுங்கும் தமிழ்வழிப் பிள்ளைக்கு, அது ஒரு கதவு. இப்படிப்பட்ட முயற்சிகளுக்குக் கைதட்டுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். லுவாவுக்கு ஒரு பெட்ரோபிராஸ் கிடைத்தது போல, 'எங்கள் வேலைக்கு இது தேவை, இதை இப்படி மாற்றிக் கொடுங்கள்' என்று நச்சரிக்கும் முதல் வாடிக்கையாளர் வேண்டும். அது ஒரு பள்ளிக்கூடமாக இருக்கலாம், ஒரு கணக்கு டீச்சராக இருக்கலாம். கைதட்டலைவிட அந்த நச்சரிப்புதான் ஒரு மொழியை வளர்க்கும்.

முப்பது வருடங்களுக்கு முன்னால், தப்பான இடத்தில் ஓர் எண்ணை அடித்துவிட்டுத் தலையில் கைவைத்த எண்ணெய் இன்ஜினீயர்களின் தொல்லையைத் தீர்க்கத்தான் லுவா பிறந்தது. உலகத்தைப் பிடிக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை.

இன்று மாலை உங்கள் பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். "இந்தக் கதவு எப்படிடா திறக்குது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தொடங்கிவிட்டால், சாப்பாட்டு நேரம் தாண்டினாலும் நிறுத்த மாட்டான். அன்று மட்டும் அதட்டாதீர்கள்!